வந்தாறுமூலையின் அறிவு வாவிக்கரைக்கு வரட்டும்!

குளத்திலே நீர் நிறைந்திருக்க, வயலிலே பயிர் வாடினால் குற்றம் குளத்தினுடையதா, வாய்க்கால் வெட்டாதவர்களுடையதா? இக்கேள்விக்கு விடை கூற எந்தக் கமக்காரரும் தயங்கமாட்டார். இதே கேள்வியை அறிவைப் பற்றிக் கேட்டால் மட்டும் படித்தவர்கள் தயங்குகின்றனர். மட்டக்களப்பு மண்ணிலே ஒரு பல்கலைக்கழகம் எழுந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அதன் மதில்களுக்கு அப்பால் கிடக்கும் வயலும் வாவியும் மாட்டுப்பட்டியும் அந்த அறிவுக்குளத்திலிருந்து எவ்வளவு நீர் பெற்றன என்பதை ஒருமுறையேனும் கணக்கிட்டுப் பார்த்தோமா? அக்கணக்கைக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு; விடை கூறும் கடமை பல்கலைக்கழகத்துக்கும் அதனை நடத்தும் அரசுக்கும் உண்டு.

1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வீசிய சூறாவளி மட்டக்களப்பைச் சின்னாபின்னமாக்கிச் சென்றது. தென்னைகள் சரிந்தன, கூரைகள் பறந்தன, தோணிகள் சிதறின. அந்த அழிவின் வடு ஆறுமுன்னரே, 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் தேதி, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயக் கட்டடங்களிலே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அக்கல்லூரி முதலிற் கற்பித்தவை எவை? விஞ்ஞானமும் விவசாயமும். இது தற்செயலாக நேர்ந்ததன்று. இம்மாவட்டத்தின் உயிர்நாடி நெல்லும் நீரும் என்பதை அறிந்தோரே அவ்வாறு வித்திட்டனர். 1986ஆம் ஆண்டு ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. பின்னாளில் வணிகமும் முகாமைத்துவமும், கலையும் கலாசாரமும், சுகாதார விஞ்ஞானமும், தொழினுட்பமும் எனப் பீடங்கள் பெருகின. கல்லடியிலே சுவாமி விபுலாநந்தர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகமும் அதனோடு சேர்ந்தது.

இப்பல்கலைக்கழகம் சொகுசிலே வளர்ந்த பிள்ளையன்று. 1990ஆம் ஆண்டு போருக்கு அஞ்சி ஓடிவந்த ஆயிரக்கணக்கான மக்களுக்கு அதன் விரிவுரை மண்டபங்களே வீடாயின. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆந் தேதி அங்கிருந்து இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. 2006ஆம் ஆண்டு டிசெம்பரில் அதன் உபவேந்தர் பேராசிரியர் சி. இரவீந்திரநாத் கொழும்பிலே காணாமற் போனார். அவருக்கும் இன்றுவரை நீதியில்லை. இத்தனை இரத்தமும் கண்ணீரும் சிந்திக் காத்த ஒரு நிறுவனம், வெறுமனே பட்டச்சான்றிதழ் அச்சடிக்கும் நிலையமாகச் சுருங்கிவிடுமானால் அதைவிடப் பெரிய வஞ்சனை இம்மக்களுக்கு வேறில்லை.

வளமும் வறுமையும் ஒரே வீட்டில்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம் கிடக்கின்றது. அதன் கிழக்கே எழுவான்கரை; மேற்கே படுவான்கரை. எழுவான்கரையிலே கடைத்தெருவும் கச்சேரியும் கல்லூரியும் வைத்தியசாலையும். படுவான்கரையிலே கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளியும் மேய்ச்சல் நிலமும். உன்னிச்சையும் நவகிரியும் உறுகாமமும் வாகனேரியும் நீர் கொடுக்கின்றன. வாவியிலே இறாலும் நண்டும் மீனும் விளைகின்றன. களுதாவளையின் வெற்றிலைக்கும் காத்தான்குடியின் நெசவுக்கும் மட்டக்களப்புத் தயிருக்கும் தேனுக்கும் இலங்கை முழுவதும் பெயருண்டு. இத்தனையும் இருக்கின்றன. இருந்தும் 2016ஆம் ஆண்டின் குடும்ப வருமானச் செலவுக் கணக்கெடுப்பு என்ன கூறிற்று? நாடு முழுவதிலும் வறுமைக்கோட்டின் கீழ் வாழ்ந்தோர் நூற்றுக்கு 4.1 பேர், மட்டக்களப்பிலோ 11.3 பேர். அதன்பின் வந்த பெருந்தொற்றும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியும் ஏழையின் சுமையைக் கூட்டினவேயன்றிக் குறைக்கவில்லை.

வளம் உள்ள இடத்தில் வறுமை ஏன்? போர் ஒரு காரணம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை ஒரு காரணம். கொழும்பிலிருந்து நோக்குவோரின் பாராமுகம் ஒரு காரணம். இவற்றை நாம் மறுக்கவில்லை, மறக்கவும் போவதில்லை. எனினும் இன்னொரு காரணமும் உண்டு. நெல் இங்கே விளைகின்றது. அதன் விலையை வேறொருவர் நிர்ணயிக்கின்றார். பால் இங்கே கறக்கப்படுகின்றது. அதன் தரத்தை வேறொருவர் அளக்கின்றார். இறால் இங்கே பிடிபடுகின்றது. அதன் இலாபம் வேறிடத்துக்குப் போய்ச் சேர்கின்றது. விளைவிப்பவரிடம் உழைப்பு இருக்கின்றது. அளவுகோலும் கணக்கும் இல்லை. அளவுகோலையும் கணக்கையும் கொடுக்கவல்லது அறிவு நிலையமே. ஆகையினாற்றான் இதனைப் பல்கலைக்கழகத்தின் வாயிலிற் கொண்டுவந்து வைக்கின்றோம்.

பல்கலைக்கழகம் வந்ததால் செங்கலடியிற் கடைகள் பெருகின, வாடகை அறைகள் நிறைந்தன, முச்சக்கர வண்டிகளுக்கு ஓட்டம் கிடைத்தது என்று பொருளாதார முன்னேற்றத்துக்குச் சான்று காட்டுவோர் உளர். இவை நடந்தவையே, வேண்டியவையே. ஆனால் ஓர் இராணுவ முகாம் வந்தாலும் கடை பெருகும். ஒரு சிறைச்சாலை வந்தாலும் தேநீர்க்கடைக்கு வாடிக்கை சேரும். பல்கலைக்கழகத்துக்கே உரிய பயன், பிறிதொன்றாலும் கொடுக்கவியலாத பயன், யாது? ஒரு பிரதேசத்தின் சிக்கலை எடுத்து, ஆராய்ந்து, விடை கண்டு, அவ்விடையை அம்மக்களின் கையிற் கொடுத்தலே அது.

உலகம் காட்டும் பாடம்

இது புதுமையான கோரிக்கையன்று. 1862ஆம் ஆண்டு, உள்நாட்டுப் போரின் நடுவிலே, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதி லிங்கன் ஒரு சட்டத்திற் கையொப்பமிட்டார். மொறில் சட்டம் என வழங்கும் அது, ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் பொதுநிலத்தை அளித்து, அதன் வருவாயைக்கொண்டு விவசாயமும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவச் செய்தது. 1887ஆம் ஆண்டு அக்கல்லூரிகளோடு ஆய்வுப் பண்ணைகள் சேர்ந்தன. 1914ஆம் ஆண்டு அவற்றின் அறிவைக் கிராமத்துக்குக் கொண்டுசெல்லும் விரிவாக்கப் பணி சட்டமாயிற்று. கற்பித்தல், ஆராய்தல், எடுத்துச்செல்லுதல் என மூன்று கால்களும் கூடியபோதே அந்தப் பந்தல் நிமிர்ந்தது.

அந்தப் பந்தலின் கீழ் விளைந்த ஒரு சிறு கருவியின் கதை எமது பாற்பண்ணையாளர் யாவரும் அறியத்தக்கது. விஸ்கொன்சின் மாநிலத்திலே முற்காலத்திற் பாலுக்கு அளவை நோக்கியே விலை கொடுத்தனர். நீர் கலந்தவனுக்கும் ஆடை எடுத்தவனுக்கும் நேர்மையாளனுக்கும் ஒரே விலை. இதனால் நேர்மையாளன் நட்டப்பட்டான். வெண்ணெய்த் தொழில் நலிந்தது. 1890ஆம் ஆண்டு அம்மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் பாப்கொக் எளிய பரிசோதனை ஒன்றைக் கண்டார். ஒரு கண்ணாடிக் குப்பியிலே பாலோடு கந்தக அமிலத்தைச் சேர்த்துச் சுழற்றினால், கொழுப்பு மட்டும் பிரிந்து குப்பியின் கழுத்தில் ஏறி நிற்கும். கோடுகளைப் பார்த்து அளவைக் கூறலாம். எழுத்தறிந்த எவரும் செய்யலாம். பாப்கொக் அதற்குக் காப்புரிமை பெறவில்லை; உலகுக்கே விட்டுக்கொடுத்தார். தரத்துக்கு விலை கிடைத்தது. மாடு வளர்ப்போன் நல்ல மாட்டைத் தேடினான். அம்மாநிலம் பாலுக்குப் பேர்போன மாநிலமாயிற்று. ஒரு குப்பி செய்த வேலை அது.

பாரத நாட்டிலும் 1960ஆம் ஆண்டு பந்த்நகரிலும், 1962ஆம் ஆண்டு லுதியானாவிலும் இவ்வழியைப் பின்பற்றிய விவசாயப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. பஞ்சாபின் கோதுமைப் புரட்சியிலே லுதியானாவுக்குள்ள பங்கை உலகறியும். இன்னும் அண்மையில் வருவோம். எமது விபுலாநந்த அடிகள் 1931ஆம் ஆண்டு முதற் றமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம், வெள்ளாற்று முகத்துவாரத்திலே பரங்கிப்பேட்டையிற் கடல்வாழ் உயிரியல் ஆய்வு நிலையம் ஒன்றை அமைத்துப் பல பத்தாண்டுகளாக அந்த உவர்நீரை ஆராய்ந்து வருகின்றது. எமது வாவி வெள்ளாற்றினும் பன்மடங்கு பெரியது. எமது பல்கலைக்கழகமோ வாவியிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே இருக்கின்றது.

எம் மண் கற்பித்த பாடம்

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்போர்க்கு உள்நாட்டுக் கதையும் உண்டு. 1949ஆம் ஆண்டு கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. அமெரிக்காவின் தெனசி பள்ளத்தாக்குத் திட்டத்தை முன்மாதிரியாகக் கொண்ட அப்பெருமுயற்சி, அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியையே உருமாற்றியது. நீர் வந்தது, நிலம் திருந்தியது. ஆனால் அங்கு யார் குடியேறுவது, எந்நிலம் யாருக்கு என்பதையெல்லாம் வெளியிலிருந்தோரே முடிவு செய்தனர். 1956ஆம் ஆண்டு அம்மண்ணிலே தமிழர் குருதி சிந்திற்று. 1961ஆம் ஆண்டு அம்பாறை தனி மாவட்டமாயிற்று. அந்நாளில் நீரியலையும் மண்ணியலையும் குடித்தொகையையும் தாமே ஆராய்ந்து, எண்ணோடு எதிர்வாதம் செய்யவல்ல உயர்கல்வி நிலையம் எதுவும் கிழக்கில் இருக்கவில்லை. உணர்ச்சி இருந்தது, புள்ளிவிவரம் எதிரியின் கையில் இருந்தது. பிறர் தீட்டும் அபிவிருத்தி பிறருக்கே அபிவிருத்தியாகும் என்பதை அன்று கற்றோம். இன்றும் அதே நிலையில் இருக்க நியாயமில்லை.

வாழைச்சேனைக் காகித ஆலையை நினைவுகூர்க. 1950களில் எழுந்த அவ்வாலைக்கு எமது வயல்களின் வைக்கோலே மூலப்பொருளாயிற்று. சூடடித்தபின் எரித்துவிடும் வைக்கோலுக்கு விலை கிடைத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது. பின்னர் போரும் பழைய இயந்திரமும் நிருவாகச் சீர்கேடும் சேர்ந்து அதனை நெடுங்காலம் முடக்கிவிட்டன. ஆலையை மீட்பது அரசின் பொறுப்பு. ஆனால் வைக்கோலை இக்காலத்தில் எவ்வழியிற் பொருளாக்கலாம், காளான் வளர்க்கவா, மாட்டுத் தீவனமாகப் பதப்படுத்தவா, பொதிதாள் செய்யவா, எதற்கு எவ்வளவு முதல் வேண்டும், எதில் எவ்வளவு மிஞ்சும் என்னும் கணக்கை யார் செய்வது? விஞ்ஞானமும் விவசாயமும் வணிகமும் ஒரே வளவில் அமைந்த நிலையம் செய்யாமல் வேறு யார் செய்வது?

முகத்துவாரத்தின் வழக்கு

இனி வாவிக்கு வருவோம். ஒவ்வொரு மாரியிலும் எழும் ஒரு வழக்கை இப்பகுதி மக்கள் நன்கறிவர். வடகீழ்ப் பருவமழை கொட்டும். மேற்கிலிருந்து வரும் ஆறுகள் வாவியில் நிறையும். முகத்துவாரத்தை மணற்றிட்டு அடைத்திருக்கும். நீர் ஏறிப் படுவான்கரையின் தாழ்வயல்களை மூழ்கடிக்கும். முகத்துவாரத்தை உடனே வெட்டுக என்பர் கமக்காரர். வெட்டினால் நீரோடு மீனும் போய்விடும், நேரமறியாது வெட்டாதீர் என்பர் வாவி மீனவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. கடலிற் பிறக்கும் இறாற்குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே வாவிக்குள் வந்தே வளர்கின்றன. வளர்ந்தபின் முட்டையிடக் கடலுக்கு மீள்கின்றன. வாய் அடைபட்டே கிடந்தாலும் கேடு. காலமறியாது திறந்தாலும் கேடு. பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் வெட்டுவதா விடுவதா என்ற முடிவை, வெள்ளம் கழுத்துக்கு வந்தபின், அதிகாரிகள் அவசரக் கூட்டத்திலே எடுக்கவேண்டியதாகின்றது. 2011ஆம் ஆண்டு ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு மாவட்டம் மூழ்கியபோது இழந்தவை எத்தனை என்பதை நாம் சொல்லி அறிய வேண்டியதில்லை.

இவ்வழக்கிலே கமக்காரர் பக்கம் நில்லாமலும் மீனவர் பக்கம் நில்லாமலும், உண்மையின் பக்கம் நின்று தீர்ப்புக் கூறவல்ல நடுவர் ஒருவர் வேண்டும். நீர்மட்டம் எந்நாளில் எவ்வளவு, உவர்த்தன்மை எவ்விடத்தில் எவ்வளவு, இறாற்குஞ்சு எம்மாதத்தில் ஏறுகின்றது, எம்மட்டத்துக்கு மேல் நீர் ஏறினால் எவ்வயல் மூழ்கும் என்பவற்றை ஆண்டு முழுவதும், ஆண்டுதோறும் அளந்து எழுதிவைக்கும் நிலையமே அந்நடுவர். ஆய்வுக் கட்டுரைக்காக இரண்டு பருவம் அளந்துவிட்டு மறக்கும் வேலையைச் சொல்லவில்லை. வைத்தியர் நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோல வாவியின் நாடியை இடைவிடாது பார்க்கும் நிரந்தர வாவி ஆய்வு நிலையம் ஒன்றை வாவிக்கரையிலேயே அமைக்க வேண்டும் என்கின்றோம். அதன் அளவீடுகள் வாரந்தோறும் தமிழில் வெளிவரல் வேண்டும்; கச்சேரியிலும் கமநல நிலையத்திலும் மீனவர் சங்கத்திலும் ஒட்டப்படல் வேண்டும்.

வாவியைப் பணமாக்க முயன்ற பழைய கதையும் ஓர் எச்சரிக்கை. போருக்கு முன்னரே இவ்வாவியோரத்தில் இறால் பண்ணைகள் தோன்றின. 1987ஆம் ஆண்டு ஜனவரியிலே கொக்கட்டிச்சோலைப் பகுதியில் இறால் பண்ணைத் தொழிலாளர் பலர் கொன்று வீழ்த்தப்பட்டனர்; அத்தொழிலும் அவர்களோடு வீழ்ந்தது. இன்று மீண்டும் முதலாளிகள் வாவியை நோக்கி வருகின்றனர். வரட்டும். ஆனால் எவ்வளவு கண்டற்காட்டை வெட்டலாம், எவ்வளவு கழிவுநீரை வாவி தாங்கும், நோய் பரவினால் யார் பொறுப்பு என்பதைக் கேட்டு எழுத்திற் பெறாமல் ஓர் அங்குலமும் கொடுத்தலாகாது. அக்கேள்விகளைக் கேட்க மக்களுக்குத் துணை நிற்பதும் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பணியே.

நெல்லும் பாலும்

2021ஆம் ஆண்டு அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்தது. நாட்டின் விவசாய விஞ்ஞானிகள் பலர் எச்சரித்தனர், ஆட்சியாளர் செவிமடுக்கவில்லை. நவம்பரிலே தடை நீங்கிற்று. ஆனால் அதற்குள் பெரும்போகப் பயிருக்கு வேண்டிய காலம் கடந்துவிட்டது. விளைச்சல் வீழ்ந்தது, கமக்காரன் கடனாளியானான். இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? எவ்வட்டையின் மண்ணுக்கு எவ்வளவு உரம் வேண்டும், எதனைக் குறைக்கலாம், எதனைக் குறைத்தலாகாது என்ற விவரம் ஊர்தோறும் மக்கள் கையில் இருந்திருக்குமானால், அரசின் ஆணையை எண்ணாற் றடுத்திருக்கலாம். கண்மூடித்தனமாக உரம் கொட்டும் பழக்கத்தையும் அதே விவரம் தடுத்திருக்கும். கரடியனாற்றிலே விவசாயத் திணைக்களத்தின் பயிற்சி நிலையம் இருக்கின்றது. வந்தாறுமூலையிலே விவசாய பீடம் இருக்கின்றது. இவ்விரண்டும் கைகோத்து வட்டைதோறும் மண்வரைபடம் தயாரிக்குமாயின், அதுவே இம்மாவட்டத்தின் பெருஞ்செல்வமாகும்.

போகந்தோறும் அரசாங்க அதிபர் தலைமையிலே பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் கூடுகின்றது. விதைப்பு என்று, நீர் திறப்பது என்று, அறுவடை என்று என்பவற்றை அங்கே தீர்மானிக்கின்றனர். மழை முன்போற் காலம் தவறாது பெய்வதில்லை என்பதை வட்டவிதானையும் அறிவார். அக்கூட்டத்திலே பல்கலைக்கழகத்தின் குரல் மரியாதைக்கு அழைத்த விருந்தாளியின் குரலாக ஒலித்தல் போதாது. மழைக்கணக்கையும் குளக்கணக்கையும் முன்வைத்துப் பேசும் கடமைக் குரலாக ஒலித்தல் வேண்டும்.

பாலின் நிலையும் இவ்வாறே. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற் றரைக்காக 2023ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் எமது பண்ணையாளர்கள் வீதியோரத்திற் பந்தலிட்டுப் போராடியதை நாடறியும். மேய்ச்சற் றரை பறிபோனால் பட்டி அழியும். பட்டி அழிந்தால் பாலும் தயிரும் பழங்கதையாகும். அவ்வழக்கு அரசியல் வழக்கு. அதனை அரசியலாலேயே வெல்ல வேண்டும். ஆனால் அத்தரை எத்தனை மாட்டைத் தாங்கும், அங்கு பயிர் செய்தால் நீரூற்றுக்கும் குளத்துக்கும் என்னாகும், ஒரு மாட்டுக்கு எவ்வளவு புல் வேண்டும் என்னும் சான்றுகள் நீதிமன்றத்திலும் செல்லும்; நாடாளுமன்றத்திலும் செல்லும். இன்னொன்று: இன்று பாலுக்குக் கொழுப்பளவு நோக்கி விலை கொடுக்கும் முறை இங்கும் வந்துவிட்டது. ஆனால் அளக்கும் கருவி வாங்குவோன் கையிலே இருக்கின்றது. விற்பவனும் சென்று ஐயந்தீர அளந்து பார்க்கும் பொதுப் பரிசோதனை நிலையம் ஒன்றைப் பல்கலைக்கழகம் நடத்துமாயின், பாப்கொக்கின் குப்பி படுவான்கரைக்கும் வந்து சேரும்.

எம்மொழியிற் சொல்லுக

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான குறை ஒன்றுண்டு. விவசாய பீடம் ஆய்விதழ் வெளியிடுகின்றது; மாணவர் ஆண்டுதோறும் ஆய்வேடு எழுதுகின்றனர். அவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நூலகத்தில் உறங்குகின்றன. வாகனேரியின் கமக்காரரைப் பற்றி எழுதிய ஆய்வை வாகனேரியின் கமக்காரர் வாசிக்கவியலாது. ஆங்கிலம் வேண்டாம் என நாம் கூறவில்லை. உலக அறிஞரோடு உரையாட அது வேண்டும். ஆனால் ஒவ்வோர் ஆய்வுக்கும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதி, அது நடந்த ஊரிலேயே கொடுத்தால் பல்கலைக்கழகத்துக்கு என்ன இழப்பு? கலைச்சொல் இல்லை என்ற சாக்குச் செல்லாது. விஞ்ஞானப் பட்டதாரியும் தமிழறிஞருமான காரைதீவு தந்த விபுலாநந்தர், 1930களிலேயே சென்னையிற் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். அதன்பின் எமது பாடசாலைகளில் இரு தலைமுறைக்கு மேல் விஞ்ஞானம் தமிழிலேயே கற்பிக்கப்பட்டு வருகின்றது. சொல் இருக்கின்றது, மனம் வேண்டும்.

மறுப்போர்க்கு விடை

பல்கலைக்கழகம் என்பது விரிவாக்கத் திணைக்களமா, சந்தைக்குச் சேவகமா எனச் சிலர் வினவுவர். நியாயமான வினா. தூய கணிதமும் இலக்கியமும் வரலாறும் மெய்யியலும் உடனடிப் பணப்பயன் தாராவிடினும் அவை ஓர் இனத்தின் உயிர். அவற்றைக் கைவிட்டு எல்லாவற்றையும் பட்டறையாக்குக என நாம் கூறோம். வாவியை ஆராய்வதால் விஞ்ஞானம் தாழ்ந்துவிடாது என்றே கூறுகின்றோம். தன் வாயிலில் உள்ள சிக்கலை நேர்மையாக ஆராய்ந்த பல்கலைக்கழகங்களே உலகப் புகழும் பெற்றன.

விரிவுரையாளரின் பதவி உயர்வு ஆய்வுக் கட்டுரைகளின் தொகையால் நிர்ணயிக்கப்படும்போது, அவர் ஏன் வயலுக்குச் செல்ல வேண்டும் என்பது அடுத்த வினா. இதுவும் உண்மை. ஆகையால் விதியை மாற்றுக. ஒரு கிராமத்தின் விளைச்சலை உயர்த்திய பணிக்கும், ஒரு வாவியின் அளவீட்டைப் பத்தாண்டு காத்த பணிக்கும் உரிய மதிப்பெண்ணைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழங்குக. மனிதரைக் குறைகூறிப் பயனில்லை. பாதை எங்கே போகின்றதோ அங்கேதான் வண்டியும் போகும்.

பணம் எங்கே என்பது மூன்றாவது வினா. 2012ஆம் ஆண்டு பல்கலைக்கழக ஆசிரியர்கள் தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரி நாடளாவிய வேலைநிறுத்தம் செய்தனர். கோரிக்கை நியாயமானது, நிறைவேறவில்லை. மாகாண சபையிடம் கேட்கலாம் என்றால், கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017ஆம் ஆண்டு முடிந்தபின் ஆண்டுக்கணக்கிற் றேர்தலே நடத்தப்படவில்லை. பிரதேசத்தின் தேவையைப் பிரதேசமே தீர்மானிக்கும் அதிகாரமின்றி இங்கே உருப்படியான திட்டம் எதுவும் நிலைக்காது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. ஆயினும் நாம் மேலே கூறியவற்றுட் பல பெரும்பணம் வேண்டாதவை. இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கத்துக்குக் கோடி ரூபாய் வேண்டியதில்லை.

பட்டதாரிகளின் நிலையையும் எண்ணிப் பார்க்க. 2017ஆம் ஆண்டு மட்டக்களப்புக் காந்தி பூங்காவிலே வேலையற்ற பட்டதாரிகள் நாட்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தனர். அரச உத்தியோகம் ஒன்றே கதி என்ற நிலைக்கு அவர்களைத் தள்ளியது யார்? மண்ணைச் சோதிக்கவும், பாலைப் பதப்படுத்தவும், மீனைப் பொதிசெய்யவும், கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைத் திருத்தவும் ஆள் வேண்டும் என வயல் கூப்பிடுகின்றது. வேலை வேண்டும் எனப் பட்டதாரி கூப்பிடுகின்றான். இரு குரலும் ஒன்றையொன்று கேளாதிருக்கும் விந்தையை முடித்துவைத்தல் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

பல்கலைக்கழகத்தை நோக்கி விரல் நீட்டும்போது எம்மை நோக்கியும் சில விரல்கள் மடங்கியிருக்கின்றன. கமக்காரர் அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் பாற்பண்ணையாளரும் ஆண்டுக்கு ஒருமுறை கூடித் தத்தம் சிக்கல்களுட் பத்தைத் தேர்ந்து எழுத்தில் உபவேந்தரிடம் கொடுக்கட்டும். இறுதியாண்டு மாணவரின் ஆய்வுத் தலைப்புகளுட் சில அப்பட்டியலிலிருந்து எடுக்கப்படட்டும். ஆண்டு முடிவில் விடையோடு அவர்கள் அதே கூட்டத்துக்கு வரட்டும். வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் பொறியியலாளர்களும் கணக்காளர்களும் ஆசிரியர்களும் ஆகிய எமது கல்விமான்கள், பட்டமளிப்பு விழாவிலே முன்வரிசையில் அமர்வதோடு கடமை முடிந்தது என எண்ணாது, இவ்விணைப்புக்குப் பாலமாகட்டும்.

இதிலே தமிழர், முஸ்லிம் என்ற பிரிவும் வேண்டாம். செங்கலடி வயலுக்கு வரும் வெள்ளம் ஏறாவூர் வயலையும் விடுவதில்லை. களுவாஞ்சிக்குடி மீனவனின் வலை வெறுமையானால் காத்தான்குடி வியாபாரியின் கடையும் வெறுமையாகும். 1996ஆம் ஆண்டு ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் எழுந்துவிட்டது. இரு பல்கலைக்கழகங்களும் ஒரே கரையோரத்தின் இரு கண்கள். இரு கண்களும் ஒரே திசையை நோக்கினால் அன்றிப் பார்வை தெளியாது.

முகத்துவாரத்தின் நீரை அளக்கும் ஒரு கோல், பாலை அளக்கும் ஒரு குப்பி, ஆய்வைச் சொல்லும் இரண்டு பக்கத் தமிழ்: இம்மூன்றையும் அடுத்த பெரும்போகம் வருமுன் தொடங்கிக் காட்டுமாறு கிழக்குப் பல்கலைக்கழகத்தை நாம் கேட்கின்றோம். இதனைச் செய்யும் நாளில் பல்கலைக்கழகத்தைக் காக்க மதிலும் காவலரும் வேண்டியிரா. படுவான்கரையின் ஒவ்வொரு கமக்காரரும் அதற்குக் காவலராய் நிற்பர். செய்யத் தயங்குமாயின், கேட்கும் மக்களின் குரல் ஓயப்போவதில்லை. எமது குரலும் ஓயாது!